ஊரார் எழுதிய பத்திரம் கோர்ட்டில் செல்லுமா?

வாசகர் கேள்வி – வழக்கறிஞர் பதில்

தடைக்காலம் வந்தால் எனக்குக் கடிதம் கூடிவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன, ஆண்கள் வீட்டில் இருக்கிறார்கள், வருடம் பூராவும் தள்ளிப்போட்ட சண்டையெல்லாம் அப்போதுதான் முற்றுகிறது. இந்த முறை வந்தவற்றில் பெரும்பாலானவை விவாகரத்து பற்றித்தான். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கேள்வி: கல்யாணமாகி ஒன்பது வருடம். கோவிலில் தாலி கட்டினோம், பதிவு செய்யவில்லை. இரண்டு பெண் பிள்ளைகள். அவர் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். குடியும் அடியும் தாங்காமல் இரண்டு வருடத்துக்கு முன் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். கடல்பாசி எடுத்துப் பிழைக்கிறேன். போன வருடம் ஊர்க் கூட்டத்தில் பேசி, ‘இனி இருவருக்கும் சம்பந்தமில்லை’ என்று 100 ரூபாய் பத்திரத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். ஒன்றரை லட்சம் தருவதாகச் சொன்னவர் 50,000 மட்டும் தந்தார். என் நகையில் எட்டுப் பவுன், அவர் அண்ணன் படகுக்கு இன்ஜின் வாங்கியதில் அடகில் கிடக்கிறது. இப்போது அவருக்கு வேறு இடத்தில் பெண் பார்க்கிறார்கள். ‘அதுதான் அத்துவிட்டாச்சே, கோர்ட்டு எதற்கு?’ என்கிறார்கள். ஒரு வக்கீல் மொத்தமாக 60,000 கேட்கிறார். அவ்வளவு ஆகுமா? எத்தனை வருடம் இழுக்கும்? பத்துப் பேர் முன்னால் கூண்டில் நின்று எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமா?
– பெயர் வேண்டாம், மண்டபம் பக்கம்

பதில்: தங்கச்சி, அந்தப் பத்திரம் விவாகரத்து இல்லை. சட்டப்படி நீங்கள் இன்றைக்கும் அவர் மனைவிதான். இந்து திருமணச் சட்டத்தின் 29(2) பிரிவு, வழக்கப்படி நடக்கும் மணமுறிவை ஒப்புக்கொள்கிறது, உண்மை. ஆனால் எங்கள் சமூகத்தில் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் தீர்த்துக்கொள்வோம் என்று சாட்சி, ஆதாரம் வைத்து நிரூபிக்க வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் கூடி எழுதிவிட்டார்கள் என்பதற்காக அது வழக்கமாகிவிடாது. பத்திரத்தின் விலை 100 ரூபாயாக இருந்தாலும் 1,000 ரூபாயாக இருந்தாலும் கதை அதேதான்.

அதற்காகக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். எப்போது பிரிந்தீர்கள், எவ்வளவு தருவதாகச் சொன்னார், எவ்வளவு தந்தார் என்பதற்கு அவர் கையெழுத்தோடு இருக்கிற ஒரே சாட்சி அதுதான். அசலைப் பத்திரமாக வையுங்கள். ஒரு வேண்டுகோள்: லேமினேட் பண்ணாதீர்கள். எங்கள் பக்கம் முக்கியமான காகிதம் என்றாலே உப்புக் காற்றுக்குப் பயந்து உடனே லேமினேட் கடைக்கு ஓடுகிறார்கள். சான்றாவணமாகக் குறிக்கும்போது கோர்ட் முத்திரை குத்த வேண்டும், பிளாஸ்டிக் மேல் எங்கே குத்துவது?

இப்போது அவர் அடுத்த கல்யாணம் செய்தால் அது செல்லாத கல்யாணம். அந்தப் பெண்ணுக்கும் மனைவி என்ற உரிமை கிடைக்காது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 82-ஆவது பிரிவில் ஏழு வருடம் வரை சிறை உண்டு. ஆகவே விவாகரத்துத் தீர்ப்பு அவசரமாகத் தேவைப்படுவது அவருக்குத்தான், உங்களுக்கு இல்லை. பெண் வீட்டார் கேட்க ஆரம்பித்ததும் அவரே உங்கள் அம்மா வீட்டு வாசலுக்கு ஆள் அனுப்புவார். பணமும் நகையும் பேச அதைவிட நல்ல நேரம் வராது.

பேசி முடித்தால் இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவின்படி இருவரும் சேர்ந்து ஒரே மனு போடலாம். பரஸ்பர சம்மத விவாகரத்து என்பது இதுதான். ஒரு வருடமாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும்; உங்களுக்கு இரண்டாகிவிட்டது. கல்யாணம் பதிவாகாததும் தடையில்லை. பத்திரிகை, தாலி கட்டும் போட்டோ, ஆதார் கார்டுகள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் இருந்தால் போதும். கல்யாணம் நடந்த இடம், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம், எதிர்தரப்பு வசிக்கும் இடம் இவை தவிர, மனைவி இப்போது வசிக்கும் இடத்து நீதிமன்றத்திலும் போடலாம். 2003-இல் சேர்த்த வசதி அது. அவர் ஊருக்குப் போய் நிற்க வேண்டியதில்லை.

மனு போட்டதும் முதல் வாக்குமூலம். அப்புறம் ஆறு மாதம் காத்திருந்து இரண்டாவது வாக்குமூலம், தீர்ப்பு. 18 மாதத்துக்குள் இரண்டாவதைச் சொல்லிவிட வேண்டும். அந்த ஆறு மாதத்தையும் தள்ளுபடி செய்ய நீதிபதிக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொல்லிவிட்டது. மனுவுக்கு முன்பே ஒன்றரை வருடம் பிரிந்திருக்க வேண்டும், சமரச முயற்சி தோற்றிருக்க வேண்டும், ஜீவனாம்சமும் பிள்ளைகள் விஷயமும் உண்மையாகவே பேசி முடிந்திருக்க வேண்டும். முதல் வாக்குமூலம் முடிந்த ஒரு வாரத்திலேயே அதற்குத் தனி மனு போடலாம். உங்கள் வக்கீலிடம் இதைக் கேளுங்கள், அவராகச் சொல்லாவிட்டாலும்.

ஆனால் உங்கள் விஷயத்தில் நான் அவசரப்பட மாட்டேன். இரண்டாவது வாக்குமூலம் முடியும் வரை யார் வேண்டுமானாலும் பின்வாங்கலாம். பணம் வாங்கும் வரை அதுதான் உங்கள் கையில் இருக்கும் துருப்பு. மீதி ஒரு லட்சத்தில் பாதியை முதல் நாள், பாதியை இரண்டாவது நாள், இரண்டும் டிமாண்ட் டிராப்டாக, நீதிபதி முன்னால் கொடுப்பதாக எழுதச் சொல்லுங்கள். ‘ஊர்த் தலைவர் கையில் கொடுத்து வைக்கிறோம்’ என்ற பேச்சே வேண்டாம். எட்டுப் பவுனுக்கும் அப்படியே: மீட்ட நகை உங்கள் கைக்கு வந்த பிறகுதான் இரண்டாவது வாக்குமூலம்.

நகை விஷயத்தில் பெண்கள் ரொம்பவே ஏமாறுகிறார்கள். அம்மா வீட்டில் போட்ட நகை சீதனம். அது முழுக்க மனைவியின் சொத்து, கணவரிடமோ மாமியாரிடமோ இருந்தால் அவர்கள் காவலுக்கு வைத்திருப்பதாகத்தான் கணக்கு என்று உச்ச நீதிமன்றம் 1985-இலேயே சொல்லியிருக்கிறது. வலைக்கும் இன்ஜினுக்கும் மனைவி நகையை வைப்பது நம் கரையில் ஊர் உலகத்துக்குத் தெரிந்த நடைமுறை. கொடுத்தது குடும்பத்துக்கு, தானமாக இல்லை. அடகுச் சீட்டு யார் பெயரில் இருக்கிறது, எந்த வங்கி, எப்போது ஏலக் கெடு, இதை இந்த வாரமே விசாரியுங்கள். வட்டி கட்டாமல் ஏலத்தில் போய்விட்டால் நகைக்குப் பதில் வழக்குதான் மிஞ்சும். கல்யாணப் போட்டோவில் நகைகள் தெளிவாகத் தெரிகிற படங்களைத் தனியாக எடுத்து வையுங்கள், கடை ரசீது இருந்தால் இன்னும் நல்லது.

‘எதிர்காலத்தில் எதுவும் கேட்க மாட்டேன்’ என்ற வரியில் உங்கள் பங்குக்குக் கையெழுத்துப் போடலாம், யோசித்துப் போடுங்கள். பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒருவரி நுழைத்திருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள். பராமரிப்பு பிள்ளைகளின் உரிமை. நீங்கள் விட்டுக்கொடுக்க அது உங்களுடையது இல்லை.

இனி செலவு. கோர்ட்டுக்குப் போகிற பணம் மிகச் சொற்பம்: மனுவுக்கு ஸ்டாம்ப், வக்காலத்து ஸ்டாம்ப், எதிர்தரப்புக்குச் சம்மன் அனுப்பப் பேட்டா. அவர் சம்மனை வாங்காமல் ஓடி ஒளிந்தால் பேப்பரில் விளம்பரம் கொடுக்க நேரும். அதுதான் கொஞ்சம் கடிக்கும். விவாகரத்துத் தீர்ப்பாணையின் நகல் ஒன்றை இருதரப்புக்கும் இலவசமாகத் தர வேண்டும் என்று 23(4) பிரிவு சொல்கிறது. ‘காப்பி எடுத்துத் தருகிறேன்’ என்று யாராவது ஆயிரக்கணக்கில் கேட்டால் இந்தப் பிரிவு எண்ணைச் சொல்லுங்கள்.

மற்றதெல்லாம் வக்கீல் கட்டணம். அதற்கு அரசு விலைப்பட்டியல் கிடையாது. 60,000 அதிகமா குறைவா என்பது அதில் எது அடக்கம் என்பதைப் பொறுத்தது. சம்மத மனுவுக்கு மட்டுமா, ஜீவனாம்ச மனுவும் சேர்த்தா? தட்டச்சு, குமாஸ்தா படி தனியா? அவர் பின்வாங்கி வழக்கு எதிர்வழக்காக மாறினால் இதே தொகைதானா? கேட்டு, ஒரு துண்டுக் காகிதத்திலாவது எழுதி வாங்குங்கள். ‘வருகிற பணத்தில் பத்துக்கு ஒன்று தாருங்கள்’ என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். வழக்கின் பலனில் பங்கு கேட்பதை பார் கவுன்சில் விதி தடுக்கிறது.

உண்மையில் உங்களுக்கு இந்த 60,000 பேச்சே தேவையில்லை. 1987-ஆம் வருடச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவில், பெண் என்ற ஒரு தகுதி போதும். வருமான வரம்பு கிடையாது. ராமநாதபுரத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுங்கள். போகத் தெரியவில்லை என்றால் 15100 எண்ணுக்குப் போன் போடுங்கள். இலவச வக்கீல் ஏனோதானோ என்றிருப்பார் என்று பயப்படுகிறார்கள். அப்படிச் சிலர் இருக்கிறார்கள், ஒளிப்பானேன். வேறு வக்கீல் தரச் சொல்லி அதே அலுவலகத்தில் கேட்கலாம்.

அவர் சம்மதிக்கவே இல்லை என்றால் கொடுமை என்ற காரணத்தில் இந்து திருமணச் சட்டத்தின் 13-ஆவது பிரிவில் நீங்களே தனியாகப் போட வேண்டும். அப்போது ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டு, மகளிர் காவல் நிலையத்தில் கொடுத்த புகாரின் சி.எஸ்.ஆர். ரசீது எல்லாம் வேண்டும். சம்மன் போய்ச் சேர்ந்த ஆறு மாதத்துக்குள் விசாரணையை முடிக்கப் பார்க்க வேண்டும் என்று 21பி பிரிவில் எழுதியிருக்கிறது. படிக்க நன்றாக இருக்கிறது. நடப்பில் வருடக் கணக்கில் போகும். உண்மையான செலவு இங்கேதான் இருக்கிறது: ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ், சாப்பாடு, அன்றைய கூலி. பாசிக்கு வாகான நீரோட்டம் மாதத்தில் சில நாட்கள்தான். அதில் ஒன்று கோர்ட் வராண்டாவில் போனால் எவ்வளவு இழப்பு என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வழக்குச் செலவையும் இடைக்கால ஜீவனாம்சத்தையும் அவரிடம் வாங்கித் தரச் சொல்லி 24-ஆவது பிரிவில் முதல் வேலையாக மனு போடச் சொல்லுங்கள்.

விவாகரத்து வேண்டுமோ வேண்டாமோ, பிள்ளைகளுக்கும் உங்களுக்கும் மாதப் பணம் கேட்டுத் தனி மனுவை இன்றைக்கே போடலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவு என்பார்கள். 2024 ஜூலை முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆவது பிரிவு. மனு போட்ட தேதியிலிருந்து கணக்கிட்டுத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொல்லியிருக்கிறது. அதனால் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் உங்களுக்குத்தான் நஷ்டம். ‘படகுக் கூலிக்கு ஏது ரசீது?’ என்று அவர் கைவிரிப்பார். இருதரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகக் கொடுத்தே ஆக வேண்டும் என்பதும் அதே தீர்ப்பில்தான் இருக்கிறது.

பத்துப் பேர் முன்னால் என்று கேட்டீர்கள். இந்து திருமணச் சட்டத்தின் 22-ஆவது பிரிவின்படி இந்த வழக்குகள் மூடிய அறையில்தான் நடக்க வேண்டும். யாரும் அச்சில் போடவும் கூடாது. ஊர்க் கூட்டத்தில் வேப்பமரத்தடியில் எத்தனை பேர் உட்கார்ந்து உங்கள் கதையைக் கேட்டார்கள்? கோர்ட்டில் அதில் கால்வாசிப் பேர்கூட இருக்க மாட்டார்கள்.

இன்னொன்று. அவர் கரையில் இருப்பது தடைக்காலத்தில், ஆனால் மே மாதம் சிவில் கோர்ட்டுகளுக்குக் கோடை விடுமுறை. ‘கரையில் இருக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்று வைத்திருந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். விசைப்படகுக்குக் கடல் நாள் வாரத்தில் மூன்றுதான். கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்து வாய்தா கேட்கச் சொல்லுங்கள். அவர் வராமல் போனால் அலைச்சல் உங்களுக்குத்தான்.

கேள்வி: நாங்கள் கத்தோலிக்கர்கள். மறைமாவட்ட நீதிமன்றத்தில் மூன்று வருடம் நடந்து எங்கள் திருமணம் செல்லாது என்று தீர்ப்புக் கொடுத்துவிட்டார்கள். கோவிலிலேயே மறுமணம் செய்து வைப்பார்களாம். கோர்ட்டுக்கும் போக வேண்டுமா?
– பாம்பன் வாசகர்

பதில்: போகத்தான் வேண்டும் தம்பி. திருச்சபையின் தீர்ப்பு உங்கள் விசுவாசத்துக்கு; அரசாங்கச் சட்டத்தில் அதனால் திருமணம் முறியாது. 1996-இல் உச்ச நீதிமன்றம் இதைச் சந்தேகமில்லாமல் சொல்லிவிட்டது. அதை நம்பி மறுமணம் செய்தால் மேலே சொன்ன 82-ஆவது பிரிவு உங்களுக்கும்தான்.

உங்களுக்குப் பொருந்துவது 1869-ஆம் வருட விவாகரத்துச் சட்டம். 2001-இல் திருத்திய பிறகுதான் கிறிஸ்தவர்களுக்குச் சம்மத விவாகரத்தே வந்தது, 10ஏ பிரிவாக. அதற்கு முன் கிறிஸ்தவப் பெண் ஒருத்தி விவாகரத்து வாங்குவதென்றால் கணவனின் நடத்தைக்கேட்டோடு கொடுமையையோ கைவிட்டதையோ சேர்த்து நிரூபிக்க வேண்டும், மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பை உயர் நீதிமன்றமும் உறுதி செய்ய வேண்டும். அந்தக் காலம் போயிற்று. ஒரு வித்தியாசம் மட்டும் பாக்கி: இந்துக்களுக்கு ஒரு வருடப் பிரிவு போதும், உங்களுக்கு இரண்டு என்று எழுதியிருக்கிறது. கேரள உயர் நீதிமன்றம் 2010-இல் அதை ஒரு வருடமாகக் குறைத்துப் படித்தது. சபையில் மூன்று வருடம் வழக்கு நடந்திருக்கிறது என்றால் உங்களுக்கு இந்தக் கவலையே இல்லை. அங்கே கொடுத்த காகிதங்களைப் பிரிந்து வாழ்வதற்கு ஆதாரமாக இணைக்கலாம்.

கேள்வி: வெளிநாட்டில் இருக்கும் கணவர் வாட்ஸ்அப்பில் மூன்று தலாக்கையும் ஒரே மூச்சில் சொல்லி அனுப்பிவிட்டார். இரண்டு வருடத்துக்கு மேலாகப் பணமும் அனுப்புவதில்லை. எனக்கும் இந்த வாழ்க்கை வேண்டாம். ஜமாஅத்தில் குலா (மனைவி கேட்டு வாங்கும் மணமுறிவு) எழுதி வாங்கினால் போதுமா?
– கீழக்கரை வாசகி

பதில்: சகோதரி, அந்த ஆடியோவால் எதுவும் முறியவில்லை. 2017-இல் உச்ச நீதிமன்றம் முத்தலாக்கை ரத்து செய்தது, 2019-இல் வந்த சட்டம் அதை மூன்று வருடம் வரை சிறை கிடைக்கும் குற்றமாக்கியது. எப்படி அனுப்பினாலும் செல்லாது. ஆடியோவை அழிக்காமல் இன்னொரு போனிலும் ஏற்றி வையுங்கள்.

குலா கேட்பது உங்கள் உரிமை. ஆனால் அதற்குச் சான்றிதழ் தருகிற அதிகாரம் ஷரியத் கவுன்சில் போன்ற தனியார் அமைப்புகளுக்கு இல்லை, குடும்ப நல நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் சொல்லியிருக்கிறது. ஜமாஅத்தில் பேசி மஹர், நகை, பிள்ளைகள் விஷயத்தை முடிவு செய்யுங்கள், நல்லதுதான். பாஸ்போர்ட்டுக்கோ மறுமணத்துக்கோ நாளைக்குக் கேள்வி வராமலிருக்க முத்திரை கோர்ட்டுடையதாக இருக்கட்டும். அவர் ஒத்துவராவிட்டாலும் வழி உண்டு: இரண்டு வருடம் பராமரிக்காமல் விட்டாலே 1939-ஆம் வருட முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்தில் மனைவி வழக்குப் போடலாம். விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் பொதுச் சட்டத்திலேயே ஜீவனாம்சம் கேட்கலாம் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது. இலவச வக்கீல் பற்றி முதல் பதிலில் எழுதியது உங்களுக்கும் பொருந்தும்.

கேள்வி: கோர்ட்டில் வாதாடி விவாகரத்து வாங்கிவிட்டேன். தீர்ப்பு வந்து பத்து நாள். ஆவணி முகூர்த்தத்தில் மறுமணம் வைக்கலாமா?
– உச்சிப்புளி வாசகர்

பதில்: பொறுங்கள். மேல்முறையீட்டுக் காலம் முடிய வேண்டும். இந்து திருமணச் சட்டத்தில் அது 90 நாள். எதிர்தரப்பு மதுரைக் கிளையில் மேல்முறையீடு போட்டிருந்தால் அது முடியும் வரை. ஆவணி போனால் ஐப்பசி வரும்.

கேள்வி: என் மகள் வழக்கை நடத்தும் வக்கீல் வாய்தா தேதிகூடச் சொல்வதில்லை. வேறு வக்கீலை வைக்கலாம் என்றால், பாக்கிப் பணம் தந்தால்தான் வழக்குக் காகிதக் கட்டைத் தருவேன் என்கிறார். நாங்கள் என்ன செய்வது?
– தொண்டி வாசகர்

பதில்: ஐயா, கட்டணப் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் காகிதங்களைப் பிடித்துவைக்க வக்கீலுக்கு உரிமையில்லை. 2000-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அது. பாக்கி நியாயமானது என்றால் அவர் தனியாக வசூலிக்கட்டும். நீங்களும் கொடுத்துவிடுவதுதான் முறை. முதலில் நேரில் போய்த் தன்மையாகக் கேளுங்கள். தரவில்லை என்றால் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் எழுதி, ஒப்புகைச் சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம்.

வாய்தா தேதிக்கு யாரையும் கெஞ்ச வேண்டாம். ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்க சி.என்.ஆர். எண் உண்டு. மகளின் வழக்கு எண்ணையும் வருடத்தையும் வைத்து இ-கோர்ட்ஸ் செயலியில் தேடினால் அது கிடைக்கும். அடுத்த தேதி, போன தடவை என்ன நடந்தது எல்லாம் காசில்லாமல் தெரியும். பேரப்பிள்ளை யாரிடமாவது போனைக் கொடுத்தால் ஐந்து நிமிட வேலை.